பெட்டி மூடிக்குள் ஒரு ஜெனரல்

பதினோரு வயதில் நான் ஒரு மனிதரை, அவர் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லி, போலீஸிடம் கொடுத்தேன். அவர் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். நான் ஒன்றும் தெரியாதவன்போல நின்றேன். அந்த நாளில் நடந்த மற்றவற்றுக்கெல்லாம் காலம், பயம், பெரியவர்கள் என்று காரணம் சொல்லலாம். இந்த ஒன்றுக்குச் சொல்ல மாட்டேன்.

நம் தெருவில் என்னோடு கோலி ஆடிய உங்களுக்கு அவரை நினைவிருக்கும். மயிலாப்பூர் குளத்துக்கு மேற்கே வீட்டுக்கார மாமாவின் பெரிய வீடு. முன்பகுதியில் நாங்கள் குடித்தனம். கொல்லையில் கார் ஷெட், அதை ஒட்டி ஒரு ஓட்டு அறை. அந்த அறையில் பாய் தன் மகளோடு இருந்தார். ஒரு காலத்தில் மாமாவின் காரை ஓட்டியவர். மாமா காரை விற்ற பிறகு தி. நகரில் ஒரு பட்டுக்கடையின் வேனை ஓட்டினார். அறை மட்டும் வாடகைக்கு அவரிடமே இருந்தது. மனைவி காலமாகிப் பல வருஷம். மகள் என்னைவிடச் சற்றுப் பெரியவள், சமையலும் பள்ளிக்கூடமுமாக இருந்தாள்.

அந்த அறைக்குப் போகக் கூடாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிராத அளவுக்கு அது தெரிந்த விஷயம். அம்மா மதியம் கண்ணயரும் நேரம் பார்த்துப் போவேன். கிரீஸ், மண்ணெண்ணெய், ஈரக் கோணி, எல்லாவற்றுக்கும் மேலே லேசான அத்தர் வாசனை. பாய் விடுமுறை நாட்களில் யாருடைய சைக்கிளையாவது கவிழ்த்துப் போட்டு அதன் நடுவே உட்கார்ந்திருப்பார்.

எங்கள் கூடத்தில் சுவர் தெரியாது. அத்தனை படங்கள். சாமிகள், தேசத் தலைவர்கள், நான் பார்த்தேயிராத முன்னோர்கள். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைப்பாள். பாயின் அறைச் சுவரில் ஆணியும் ஒரு தேதிக் காலண்டரும்தான். ஆனால் கட்டிலுக்கு அடியில் பச்சைத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மூடியின் உள்பக்கத்தில் நூலால் இறுக்கி ஒரு புகைப்படம் வைத்திருந்தார். ஒல்லி முகம், நறுக்கிய மீசை, ஒரு பக்கம் சாய்ந்த தொப்பி, தொப்பியில் கழுகு. மார்பில் பதக்கங்கள். படத்தின் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு கன்னத்தை வெட்டிக்கொண்டு போயிற்று. மூலையில் துருநிறத்தில் ஒரு கறை.

ஏன் சுவரில் மாட்டவில்லை என்று கேட்டேன்.

"தொழுவுற எடத்துல படம் மாட்டக் கூடாது நைனா. எங்க அத்தா படமே எங்கிட்ட கெடையாது. இது என்னுதும் இல்ல. அமானிதம். ஒருத்தன் கையில குடுத்து, வந்து வாங்கிக்கிறேன்னு போனான். வர்ற வரைக்கும் வெச்சிக்கினு கீறேன்."

கொடுத்தவன் போலந்து தேசத்துச் சிப்பாய். பாய் பெரிய யுத்தத்தில் இத்தாலியில் காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டி ஓட்டினார். மலைப்பாதையில் விளக்கில்லாமல், பள்ளத்தை வாசனை பிடித்து ஓட்ட வேண்டும் என்பார். வயிற்றில் அடிபட்ட அந்தப் பையன் வழி முழுக்கப் படத்தைக் கையில் பிடித்திருந்தானாம். கீழே ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் இறக்கும்போது பாயின் கைக்குள் திணித்துவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, பாயைத் தொட்டு, திரும்பி வருவதாகச் சைகை காட்டினானாம். அவன் பிழைத்தானா, செத்தானா, பெயர் என்ன, ஒன்றும் பாய்க்குத் தெரியாது. கேட்டால் அதற்காக வெட்கப்படுவார்.

படத்தில் இருந்தவர் அவர்களுடைய ஜெனரல். அந்தப் பெயர் பாய் வாயிலும் நுழையாது, என் வாயிலும் நுழையாது. ஜெனரல் என்றே சொல்வோம். அவர் கதையைப் பாய் வண்டியில் வந்த காயக்காரர்களிடமிருந்து துண்டு துண்டாகக் கேட்டு வைத்திருந்தார். பிறந்தபோது அவருடைய தேசமே வரைபடத்தில் இல்லையாம். பிறகு தேசம் வந்தது, ஜெர்மானியர்களும் ரஷ்யர்களும் இரண்டு பக்கமிருந்தும் அதை மறுபடி பிடித்துக்கொண்டார்கள். சண்டையில் அடிபட்டவரை ரஷ்யர்கள் சிறையில் போட்டார்கள். பிறகு ரஷ்யாவுக்கே ஆள் தேவைப்பட்டபோது, நேற்றுவரை கைதியாக இருந்தவரிடம் உன் ஜனங்களைச் சேர்த்துப் படை கட்டு என்றார்கள். பனிக்காட்டு முகாம்களிலிருந்து காலில் கந்தல் சுற்றிக்கொண்டு மனிதர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பெண்டு பிள்ளைகளும் வந்தார்கள். சிப்பாய்களை மட்டும் கூட்டிப் போ என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் எல்லோரையும் கப்பலேற்றிப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பிள்ளைகளில் சிலரை நம் நாட்டுக்கே அனுப்பி வளர்த்ததாகப் பின்னாளில் படித்தேன். அப்புறம் பாலைவனம், அப்புறம் இத்தாலி, உச்சியில் மடாலயம் இடிந்து கிடந்த அந்த மலை. வேறு படைகள் முட்டிப் பார்த்துத் திரும்பிய மலையை அவருடைய ஆட்கள் பிடித்தார்கள்.

அவர்களிடம் ஒரு கரடியும் இருந்தது. குட்டியிலிருந்து வளர்த்ததாம், குண்டுப் பெட்டி தூக்குமாம். நான் முக்கியமாக அந்தக் கரடிக்காகத்தான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாய் கதையின் கடைசிப் பகுதியை எப்போதும் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே சொல்வார். யுத்தம் முடிந்ததும் பெரிய தேசங்கள் உட்கார்ந்து பேசி ஜெனரலின் நாட்டை அதே ரஷ்யாவின் கைக்குக் கொடுத்துவிட்டன. புதிய அரசாங்கம் இவர் எங்கள் பிரஜையே இல்லை என்று அறிவித்தது. ஜெயித்த ஜெனரல் லண்டனில் வாடகை வீட்டில் இருந்தார்.

"ஜெயிச்சவன் ஊட்டுக்குப் போவ முடியல நைனா. இன்னா பண்றது சொல்லு."

அவர் இறந்த செய்தி எங்கள் தெருவுக்கு வந்தது ஒரு பஜ்ஜிப் பொட்டலத்தில். செய்தி வந்து பல வாரமான ஆங்கிலப் பத்திரிகைத் தாள். பாய் எண்ணெய் ஊறிய அந்தத் தாளில் முகத்தை அடையாளம் கண்டு, பஜ்ஜியைத் தட்டில் கொட்டிவிட்டு, தாளை என்னிடம் கொண்டுவந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான்தான் படித்துச் சொன்னேன். லண்டனில் காலமானார், அவர் கேட்டுக்கொண்டபடி அந்த மலையடியில் தன் சிப்பாய்களுக்கு நடுவே புதைக்கப்பட்டார். புரியாத வரிகளை நானே நிரவிக்கொண்டேன். மகள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாய் தாளைத் திரும்ப வாங்கி, நாட்டுக்குப் போனாரா என்று இன்னொரு முறை படிக்கச் சொன்னார். போகவில்லை என்றேன்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் படம் யாருடையது என்று தெரு முழுவதிலும் மூன்றே பேருக்குத் தெரியும். பாய், அவர் மகள், நான்.

அதற்கு அடுத்த வருஷம் ரம்ஜானன்று பாயின் மகள் கறி சமோசா செய்தாள். நான் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் முட்டை விற்கிற கடைப் பக்கம்கூடப் போக மாட்டோம். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கொல்லைக் கிணற்றடியில் யாரும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அம்மா என்னை உற்றுப் பார்த்தாலே வாசலுக்குப் போய்விடுவேன்.

சில வாரங்களில் வங்கதேசப் போர் வந்தது. கார்த்திகை விளக்குகளைக் கழுவிக் கவிழ்த்த கையோடு இருட்டடிப்பு. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம், வண்டிகளின் விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு மை. அந்தி சாய்ந்தால் சங்கு ஊதும். அது ஊதி நின்ற பிறகு வரும் மௌனத்தில், குளத்துத் தவளைகளின் சத்தம் தெருவுக்குள் ஏறி வரும். அதுவரை தவளைகள் அத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. கடலில் எதிரி நீர்மூழ்கி இருக்கிறது என்றார்கள். அடையாறு முகத்துவாரத்தில் யாரோ டார்ச் அடித்துச் சைகை காட்டினான் என்றார்கள். யார் பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கார மாமா தெருவுக்கு ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், கையில் தடி. எந்த வீட்டு ஜன்னலில் வெளிச்சம் கசிந்தாலும் விசில். பிள்ளைகள் நாம் பின்னாலேயே ஓடினோம், அதுவும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாலை பாய் வேனை நிறுத்திவிட்டு வரும்போது, மாமா ஒரு வீட்டுப் பூஜை அறை அகலுக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சாமி, அந்த வெளக்க பாத்தா மேலேர்ந்து குண்டு போடப் போறான்? நான் இத்தாலில மலையே எரிஞ்சிகினு கீறப்ப வண்டி ஓட்னவன்" என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நான் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அதில் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் மாமா விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நம்மில் ஒருவன், தன் தாய்மாமனிடம் நிஜத் துப்பாக்கி இருப்பதாகப் பீற்றிக்கொண்டான். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பாயின் பெட்டிக்குள் ஒரு ஜெனரல் படம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்த நாட்டு ஜெனரல் என்று சொல்லியிருந்தால் கதையின் வியப்புப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். அன்று அந்தி சாய்வதற்குள் அது வீட்டுக்கார மாமாவின் காதுக்கு எட்டி, அவர் என்னை எங்கள் கூடத்துக்கு அழைத்தார். அப்பா இருந்தார், தெருப் பெரியவர் இன்னொருவர் இருந்தார், மாமாவுக்குத் தெரிந்த ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் நான்கு பேர் என் பேச்சுக்காகக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

படம் எங்கே இருக்கிறது என்று மாமா கேட்டார். பெட்டி மூடிக்கு உள்பக்கம் என்றேன்.

"பாத்தேளா? மரியாதை இருந்தா சுவத்துல மாட்டிண்டு விளக்கேத்துவன். ஒளிச்சு வெச்சிண்டிருக்கான்னா என்ன அர்த்தம்?"

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். சுவரெல்லாம் படங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில் வேறு அர்த்தம் யாருக்கும் தோன்ற வழியில்லை. எனக்கு மட்டும் வேறு அர்த்தம் தெரியும். அப்போது இன்ஸ்பெக்டர், உனக்கு எப்படித் தெரியும், உள்ளே போவாயா என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்றேன்.

எல்லோரும் கொல்லைக்குப் போனோம். தூறல். பாய் அப்போதுதான் வந்திருந்தார், கைலியில் கை துடைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னதும் திறந்தார். மறைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் டார்ச்சை மூடியின் மேல் அடித்தார். கழுகுத் தொப்பி பளிச்சென்று தெரிந்தது. யார் இது, பாகிஸ்தான் ஜெனரலா என்று கேட்டார்.

பாய் சிரித்தேவிட்டார். "ஐய, இவுரு போலந்துக்காரரு. வெள்ளைக்காரன் மூஞ்சி தெர்லயா? செத்து வருஷம் ஆச்சு. அதோ, அந்தப் பையனைக் கேளுங்க. அவந்தான் பேப்பர்ல படிச்சி சொன்னான்."

டார்ச் என் பக்கம் திரும்பியது. கண் கூசியது. வெளிச்சத்துக்கு அப்பால் அப்பாவின் வேட்டி விளிம்பு மட்டும் தெரிந்தது. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி இந்த அறைக்குள் எப்போது வந்தாய் என்பது. அதற்கு அடுத்தது என்ன சாப்பிட்டாய் என்பது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "நான் இங்க வந்ததே இல்லை."

பாயின் மகள் அடுப்படியிலிருந்து வேகமாக முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். பாய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னைப் பார்த்தது கோபமாக இருந்திருந்தால் நான் மறந்திருப்பேன். புதிதாகப் பார்க்கும் ஒருவனைப் போலப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம், போவலாம் சார் என்றார். நூலை அறுத்துப் படத்தை அவர்கள் எடுத்தபோது மட்டும் குரல் மாறியது. "அத்த மட்டும் குடுத்துடுங்க. அது என்னுது இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னுடையதல்ல என்று சொன்னதே அவர்களுக்கு இன்னொரு சந்தேகமாயிற்று.

சில நாளில் விட்டுவிட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்று மாமாவிடமே சொல்லி அனுப்பினார்கள். மாமா அதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. பாய் இடது பாதத்தை இழுத்து நடந்தார். படம் பைலில் இருக்கிறது, பிறகு வா என்றார்களாம். பட்டுக்கடை முதலாளி, எனக்கு ஒன்றுமில்லை பாய், வருகிற ஜனம் பேசும் என்று கணக்கை முடித்தார். மாமா அறையைக் காலி செய்யச் சொன்னார். தை பிறப்பதற்குள் ஒரு கைவண்டியில் கட்டிலும் பச்சைப் பெட்டியுமாக ஆதம்பாக்கம் போனார்கள். வண்டி முனை திரும்பும்வரை பிள்ளைகள் "ஸ்பை பாய், ஸ்பை பாய்" என்று கத்தினோம். என் குரலும் அதில் இருந்தது.

பரீட்சை லீவில் அப்பாவோடு லஸ் முனைக்கு நடந்தபோது தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். படம், பேப்பர், சமோசா, பொய். அப்பா நடையை நிறுத்தினார். என் அப்பா நல்லவர், நியாயஸ்தர், பொய் சொன்னால் அடிப்பார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தின்னே?"

இரண்டு என்றேன். அம்மாவிடம் சொல்லாதே என்றார். மாமாவிடமும் சொல்லாதே, குடியிருக்கிற வீடு என்றார். மறுநாள் என்னைக் குளிக்கவைத்துப் பூணூல் மாற்றினார். பாயைப் பற்றி அவர் பேசவேயில்லை. நானும் அதற்குப் பிறகு பேசவில்லை. அது ஒரு வசதியாகவே ஆகிவிட்டது.

நந்தனத்தில் கல்லூரி, வங்கியில் உத்தியோகம், ஊர் ஊராக மாற்றல். ஜெனரலைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படித்தேன். அவர் தேசம் விடுபட்டது. அவரைப் பிரஜையே இல்லை என்று சொன்ன நாடு அவர் பெயரைத் தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் வைத்தது. ஒவ்வொரு மே மாதமும் அந்த மலைக் கல்லறையில் விளக்கேற்றுகிறார்களாம். அநியாயம் நேர்ந்தவருக்கு வரலாறு திருப்பிக் கொடுத்துவிடும் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சமாதானம் வரும். அந்தச் சமாதானத்தைக் கொண்டு நான் ஆதம்பாக்கம் போகாமல் பல வருஷம் கழித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் போனேன். மசூதியில் விசாரித்து, ஒரு செல்போன் கடைக்கு மேலே பாயின் மகளைக் கண்டுபிடித்தேன். தலை நரைத்து, மூக்குக் கண்ணாடியோடு தையல் மிஷினில் இருந்தாள். யார் என்று சொன்னதும் மிஷினை நிறுத்தவில்லை, அந்தத் தையலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். ஜெனரலின் படத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவள் கையில் வாங்கவில்லை.

"இது கடையில போட்டது. அத்தா தேடுனது அந்தாளு கைபட்டது. சாவுற வரைக்கும் அந்த ஸ்டேஷனுக்குப் போயிட்டிருந்தாரு. ஸ்டேஷனே எடம் மாறிப் போச்சு, அப்பவும் போனாரு. நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்னு கேப்பாரு."

மன்னித்துவிடும்படி கேட்டேன்.

"மன்னிப்பு எங்கிட்ட இல்லையே. அத்தா கிட்டயே முழுசா இருந்துச்சான்னு தெரியல, பாதி அந்தப் போலந்துக்காரன் கிட்ட கீது." துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நீ எங்க ஊட்ல கறி தின்னத நான் சொல்லியிருப்பேன். சொன்னா ஒன்ன ஒங்க ஊட்ல கொன்னுடுவாங்கன்னுதான் அத்தா என் கையப் புடிச்சாரு."

நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று கேட்டேன். டீ கொடுத்தாள். நான் குடித்து முடித்த பிறகு சொன்னாள். "எந்தத் தெருவுல சொன்னியோ அந்தத் தெருக்காரங்ககிட்ட போயி நெசத்தச் சொல்லு. அவரு பேரு அங்கதான் கெட்டுச்சு."

மாமா இல்லை, அப்பா இல்லை, வீடு அடுக்குமாடி ஆகிவிட்டது. தெருக்காரர்கள் என்றால் இப்போது நீங்கள்தான். சென்ற மாதம் ஆழ்வார்பேட்டை ஹோட்டலில் நாம் சேர்ந்து சாப்பிட்டபோது எழுந்து நின்று சொன்னேன். வந்தவர்கள் கேட்டீர்கள். வராதவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். நான் முடித்ததும் ஒருவன், "ஸ்பை பாய் தானே? நன்னா ஞாபகம் இருக்கு. பெட்டில ட்ரான்ஸ்மிட்டர் இருந்துதே" என்றான். இன்னொருவன் ஆமாம், ஏரியல் கம்பியைத் தானே பார்த்ததாகச் சொன்னான். இல்லை, ஒரு புகைப்படம்தான், அது யாருடையது என்று எனக்கு அன்றே தெரியும், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். உங்களில் மிகவும் படித்தவன், என் மேல் உண்மையான அன்புள்ளவன், தோளில் கை போட்டான்.

"டேய், அவன் எவ்வளவு கெட்டிக்காரன் பாரு. இத்தனை வருஷம் கழிச்சு உன்னையே நம்ப வெச்சுட்டான்."

சிரித்தீர்கள். யாரோ ரசம் கேட்டார்கள்.

அன்று மாலை பாயின் மகள் போன் செய்தாள். சொன்னாயா என்றாள். சொன்னேன் என்றேன்.

"நம்புனாங்களா?"

நம்பினார்கள் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. வயதானவள், நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒரு காரணமும் கூடவே வந்து நின்றது. இல்லை என்றேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஒரு தையலை ஓடி முடித்து நின்றது.

"அப்ப இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

சொல்கிறேன். பெட்டியில் ட்ரான்ஸ்மிட்டர் இல்லை, ஏரியல் இல்லை. ஒரு போலந்து ஜெனரலின் படம் இருந்தது. பாய் அதை எனக்குக் காட்டி யாரென்று சொல்லியிருந்தார். நான் அந்த அறைக்குள் பல முறை போயிருக்கிறேன். அங்கே சாப்பிட்டிருக்கிறேன்.